கட்-ஆஃப் சொல்லாத கணக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று அடி அண்ணாமலையில் வீட்டுக்கு வீடு ஒரே விசாரிப்புதான்: “எவ்வளவு மார்க்?” இரண்டு நாள் போனதும் விசாரிப்பு மாறிவிடும்: “என்ன சேரப் போறே?” முதல் கேள்விக்குப் பிள்ளையிடம் ஒரு எண் இருக்கிறது. இரண்டாவதற்கு ஒரு டிகிரியின் பெயர் இருக்கிறது. பி.காம்., பி.சி.ஏ., பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. அதை முடித்துவிட்டு என்ன, அதற்கு எத்தனை வருஷம், நடுவில் எந்தப் பேப்பரைக் கோட்டைவிட்டால் எந்த வழி அடைபடும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்ல ஆள் கிடையாது.

மலையின் மேற்குப் பக்கத்து ஊர் இது. கிரிவலப் பாதையில் வருண லிங்கத்தைத் தாண்டி நடந்தால் ஆதி அண்ணாமலையார் கோயில், பக்கத்திலேயே மாணிக்கவாசகருக்கும் ஒரு கோயில். 2024-ல் திருவண்ணாமலை மாநகராட்சி ஆகிவிட்டது. ஆனாலும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரி என்றால் முதலில் நினைவுக்கு வருவது டவுன் பக்கம் செங்கம் சாலையில் இருக்கும் அரசு கலைக் கல்லூரிதான். 1966-ல் தொடங்கிய அந்தக் கல்லூரிக்கு இப்போது கலைஞர் கருணாநிதி பெயர். வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ வீடுகளின் முதல் பட்டதாரி அங்கே படித்தவர்.

அரசு கலைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் ஆன்லைனில்தான். கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய்; எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். பெரும்பாலான வீடுகளில் இதைச் செய்து தருகிறவர் பிரவுசிங் சென்டர்காரர். போன வருஷம் எந்த டிபார்ட்மென்ட் எந்த மார்க்கில் நின்றது என்பது அவருக்கு மனப்பாடம். “இந்த மார்க்குக்கு காமர்ஸ் கிடைக்காதும்மா, ஹிஸ்டரியையும் ஒண்ணு போட்டு வைப்போம்” என்பது மாதிரி அவர் சொல்லும் வார்த்தையில் ஒரு பிள்ளையின் மூன்று வருஷம் முடிவாகிவிடுகிறது. இதில் நக்கல் எதுவும் இல்லை. இந்த மாவட்டத்தின் முதல் கல்வி ஆலோசகர் அவர்தான். தனக்குத் தெரிந்ததைச் சரியாகவே சொல்கிறார். அவருக்குத் தெரிந்தது சேருகிற நாள்வரைக்குமான கணக்கு.

ரேங்க் பட்டியலும் அதே நாளோடு முடிகிற கணக்குதான். பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க், ஆங்கிலத்துக்கு ஆங்கில மார்க், மற்ற எல்லாவற்றுக்கும் நான்கு பாடங்களின் 400. கலந்தாய்வு அன்று பெயர் கூப்பிடும்போது எந்தத் துறையில் இடம் இருக்கிறதோ அதில் கையெழுத்து. சில நிமிஷ வேலை.

ஒரு மாணவியை வைத்துப் பார்ப்போம். அரசுப் பள்ளியில் காமர்ஸ், அக்கவுன்டன்சி, எகனாமிக்ஸ் குரூப் படித்தவள், மார்க் நல்ல மார்க். டீச்சர் ஆக வேண்டும் என்பது ஆறாம் வகுப்பிலிருந்து ஆசை. காமர்ஸ் குரூப் என்பதால் பி.காம். கேட்கிறாள், கிடைத்தும் விடுகிறது. வீட்டில் சந்தோஷம். மூன்றாம் வருஷம் முடியும்போது பி.எட். விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தால், பி.காம். மட்டும் முடித்தவருக்கு அதில் இடமே இல்லை. தமிழ்நாட்டில் வணிகவியல், பொருளியல், அரசியல் அறிவியல், சமூகவியல் போன்ற பாடங்களுக்கு முதுநிலைப் பட்டம் இருந்தால்தான் பி.எட். இதன் காரணம் நியாயமானதே. பள்ளியில் காமர்ஸ் பதினொன்றிலும் பன்னிரண்டிலும்தான் இருக்கிறது. அதைக் கற்பிக்கிறவர் முதுநிலை ஆசிரியர். பத்தாம் வகுப்புவரை காமர்ஸ் வாத்தியார் என்று ஒரு பணியிடமே கிடையாது. ஆக இவள் பி.காம். மூன்று, எம்.காம். இரண்டு, 2015-லிருந்து இரண்டு வருஷமாகிவிட்ட பி.எட். இரண்டு, மொத்தம் ஏழு வருஷம் படிக்க வேண்டும்.

அதே கலந்தாய்வில் அதே மார்க்குக்கு பி.ஏ. வரலாறு எடுத்திருந்தால் மூன்றும் இரண்டும் ஐந்தோடு பி.எட். முடிந்திருக்கும். பட்டதாரி ஆசிரியர் பணிக்கு டெட் எழுதப் போயிருக்கலாம். இரண்டு வருஷ வித்தியாசம். சென்னையில் வசதியான வீட்டுப் பெண்ணுக்கு அது இரண்டு வருஷம் மட்டுமே. அடி அண்ணாமலையில் 21 வயதுப் பெண்ணின் வீட்டில் அந்த இரண்டு வருஷத்துக்குள் ஜாதகம் வெளியே எடுக்கப்படும், தம்பிக்கு ஃபீஸ் கட்டும் காலம் வரும், “படிச்சது போதும்” என்று யாராவது ஒரு சித்தப்பா ஆரம்பிப்பார். அவள் ஏழு வருஷம் படிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஏழு என்று தெரிந்து தொடங்குவதும், ஐந்து என்று நினைத்துக்கொண்டு ஏழில் மாட்டுவதும் ஒன்றாகாது.

இத்தனைக்கும் இதில் ரகசியம் எதுவும் இல்லை. எல்லாம் ஆண்டுதோறும் வரும் பி.எட். வழிகாட்டிக் குறிப்பேட்டில் அச்சில் இருப்பதுதான். பட்டப்படிப்பில் பொதுப் பிரிவுக்கு 50 விழுக்காடு, பி.சி.க்கு 45, எம்.பி.சி.க்கு 43, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40 வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. பேப்பருக்கு நாற்பது நாற்பதாக வாங்கி டிகிரியை முடித்துவிட்டு, பாஸ்தானே ஆகிவிட்டோம் என்று நினைத்திருந்த பி.சி. பையனுக்கு இந்த 45 தெரியவருவது விண்ணப்பம் நிராகரிக்கப்படும் நாளில்.

இப்படி முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டிய இடங்கள் இன்னும் இருக்கின்றன. முக்கியமானது மீடியம். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை என்று 2010-ல் சட்டம் வந்தது. 2020-ல் அதைத் திருத்தினார்கள். இப்போது டிகிரியை மட்டும் தமிழில் முடித்துவிட்டு அதைக் கேட்க முடியாது, பள்ளியிலிருந்தே தமிழ் வழியாக இருக்க வேண்டும். கிராமத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பகுதி பெரும்பாலும் கையிலேயே இருக்கிறது. கல்லூரியில் ஆங்கில மீடியம் வகுப்பில் சேர்ந்ததும், குரூப் 2 போல டிகிரி கேட்கும் தேர்வுகளில் அந்த முன்னுரிமை போய்விடுகிறது. சேரும்போது யாரும் இதைச் சொல்வதில்லை. இங்கிலீஷ் மீடியம் என்றால் கௌரவம் என்ற ஒற்றைக் காரணத்துக்காகப் பல வீடுகளில் அதைக் கேட்டு வாங்குகிறார்கள்.

அதற்காக எல்லாரும் தமிழ் மீடியத்துக்குப் போங்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. பி.எஸ்சி. இயற்பியல் படித்து ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேர ‘ஜாம்’ எழுத நினைக்கும் பிள்ளைக்கு வினாத்தாள் ஆங்கிலத்தில்தான் வரும். முதல் வருஷத்திலேயே ஆங்கிலப் பாடப் புத்தகத்தோடு மல்லுக்கட்டத் தொடங்குவது அவனுக்கு நல்லது. குரூப் 2 எழுத வேண்டும் என்று உறுதியாக இருப்பவனுக்குத் தமிழ் மீடியம் வரம். இருவரும் ஒரே வகுப்பில் சேர ஒரே நாளில் வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையில் ஒருவர், “தம்பி, நீ எதுக்குப் படிக்கிறே?” என்று மட்டும் கேட்டிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

அடுத்தது கிராஸ் மேஜர். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு, தமிழ் மேல் ஆசை வந்து எம்.ஏ. தமிழ் படிப்பவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் முதுநிலை ஆசிரியர் பணிக்கு இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடமாகவோ இணையான பாடமாகவோ இருக்க வேண்டும். பட்டத்தின் பெயரில் ஒரு சொல் கூடினாலும் இதே சிக்கல்தான். தனியார் கல்லூரிகள் புதுப்புதுப் பெயரில் கோர்ஸ் தொடங்கும். வழக்கமான பட்டத்துக்கு அது இணையானது என்று உயர்கல்வித் துறை அரசாணை போட்டிருந்தால் பிழைத்தோம். இல்லையென்றால் சான்றிதழ் சரிபார்ப்பு அறையில், எழுத்துத் தேர்வில் ஜெயித்த பிறகு, வெளியே நிற்க வேண்டிவரும். நோட்டீஸில் கோர்ஸின் பெயர் எவ்வளவு நீளமாக இருக்கிறதோ, அவ்வளவு தூரம் யோசித்துவிட்டுச் சேருங்கள் என்பேன்.

பி.சி.ஏ. சேரும் ஆர்ட்ஸ் குரூப் பிள்ளைகளுக்கு அலைடு கணிதம் பிடிப்பதில்லை. இரண்டு செமஸ்டரும் அரியர் வைத்துவிட்டு, “அலைடுதானே” என்று விட்டுவிடுவார்கள். எம்.சி.ஏ.வுக்குப் பிளஸ் டூவிலோ டிகிரியிலோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்று கேட்கும் இடங்கள் உண்டு. பிளஸ் டூவில் கணிதமே இல்லாமல் வந்தவருக்கு அந்த அலைடு பேப்பர்தான் ஒரே சாட்சி.

அரியரைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பல்கலைக்கழகத் தேர்வுக்கு 75, இன்டெர்னலுக்கு 25 என்பது வழக்கமான கணக்கு. இன்டெர்னலில் இருபத்தைந்துக்கு இருபத்தைந்து வாங்கியவரும் வெளித்தேர்வில் 75-க்கு 30 எடுத்தே ஆக வேண்டும். இன்டெர்னல் மார்க் காப்பாற்றிவிடும் என்று முதல் செமஸ்டரில் நம்புகிறவர்களே அதிகம். ரிசல்ட்டில் மொத்தம் 48 என்று இருக்கும், பக்கத்தில் ஃபெயில் என்றும் இருக்கும். 2020 ஆகஸ்டில் கொரோனாவைக் காரணம் காட்டி, ஃபீஸ் கட்டியவர்களின் அரியரெல்லாம் பாஸ் என்று அரசு அறிவித்தபோது முதலமைச்சருக்குப் போஸ்டர் அடித்துக் கொண்டாடிய மாநிலம் இது. யு.ஜி.சி. எதிர்த்தது, வழக்கு நடந்தது, தேர்வு வைக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் 2021-ல் உத்தரவிட்டது. போஸ்டர் மட்டும் மீம் ஆகி நின்றது.

திருவண்ணாமலைக்கென்றே ஒரு கணக்கு தனியாக இருக்கிறது. ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள். தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். அதாவது கையில் இருப்பது ஏறத்தாழ 22 நாள். பௌர்ணமி இரவு முழுக்க 14 கிலோமீட்டர் பாதையும் நிரம்பி வழியும். பாதையோரத்து வீடுகளுக்கு அன்றைக்குத்தான் வியாபாரம்: டீ, தண்ணீர் பாட்டில், சூடம், பொம்மை. வீட்டுப் பையன் இரவெல்லாம் கடையில் நின்றால் மறுநாள் காலை ஷிஃப்ட் வகுப்புக்கு எப்படிப் போவான்? பௌர்ணமிக்கு இரண்டு நாள் என்று வைத்தால் ஐந்து பௌர்ணமிக்குப் பத்து நாள் போயிற்று. கார்த்திகை தீபத் திருவிழா ஒரு பத்து நாள். மிச்சம் இரண்டு. ஒரு வைரல் காய்ச்சல் வந்தால் கதை முடிந்தது.

போதாததற்குத் தேர்வும் திருவிழாவும் ஒன்றையொன்று இடிக்கின்றன. ஒற்றைப்படை செமஸ்டர் தேர்வுகள் நவம்பர், டிசம்பரில் நடக்கின்றன. மகாதீபம் 2023-ல் நவம்பர் 26, 2024-ல் டிசம்பர் 13, 2025-ல் டிசம்பர் 3. இரட்டைப்படை செமஸ்டர் தேர்வுகள் முடிகிற நேரத்தில் சித்ரா பௌர்ணமி. வருகை குறைந்தால் கண்டோனேஷன் கட்டணம் கட்டித் தப்பிக்க ஒரு வரம்பு உண்டு. அதற்கும் கீழே போனால் தேர்வே எழுத முடியாது. ஜூலையிலேயே இதைக் காலண்டரில் குறித்து, எந்தப் பௌர்ணமிக்குக் கடை, எதற்கு வகுப்பு என்று அப்பாவிடம் பேசித் தீர்த்துக்கொண்ட பையன் தப்பிக்கிறான். வேறு ஊரில் எழுதப்பட்ட எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இது இருக்காது. இந்த ஊர் ஆசிரியர் ஒருவர் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடக் கூடிய விஷயம்.

சரி, அப்படிச் சொல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்களா? காகிதத்தில் இருக்கிறார்கள். எல்லாக் கல்லூரியிலும் வகுப்புக்கு ஒரு டியூட்டர் உண்டு. கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழு வரும்போது எத்தனை மாணவருக்கு ஒரு மென்டார் என்று கேட்கும். அதற்காக ஒரு நோட்டு இருக்கும். அப்பா பெயர், தொழில், ரத்த வகை, பத்தாம் வகுப்பு மார்க் எல்லாம் அதில் பதிவாகும். “நீ என்ன ஆகப் போகிறாய், அதற்கு இந்த டிகிரி போதுமா?” என்பதற்கு அந்த நோட்டில் பெரும்பாலும் கட்டம் இருப்பதில்லை.

அமெரிக்கக் கல்லூரிகளில் இந்த வேலைக்குத் தனி ஆள் வந்த கதை சுவாரஸ்யமானது. 1869-ல் ஹார்வர்டின் தலைவரான சார்லஸ் எலியட், எல்லாரும் ஒரே பாடம் படிக்கும் பழைய முறையை உடைத்து, மாணவர் விரும்பிய பாடத்தை எடுக்கலாம் என்று திறந்துவிட்டார். சுதந்திரம் வந்ததும் குழப்பமும் வந்தது. எதை எடுப்பது, எதற்குப் பிறகு எதை எடுப்பது என்று பிள்ளைகள் விழித்தார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 1877-லேயே ஆசிரியர்களை ஆலோசகர்களாக நியமித்திருந்தது. ஹார்வர்டும் 1889-ல் முதலாண்டு மாணவர்களுக்கென்று ஆலோசகர் குழு ஒன்றை அமைத்தது. அங்கே விருப்பப் பாடம் முதலில் வந்து, அதன் தொல்லை தாங்காமல் ஆலோசகர் பின்னால் வந்தார். நம்மிடம் 2008-ஐ ஒட்டி விருப்பப் பாடம், கிரெடிட் என்று எல்லாம் வந்தது. டிகிரிக்கு 140 கிரெடிட். ஆனால் எலெக்டிவ் எது என்பதைப் பல கல்லூரிகளில் டிபார்ட்மென்டே முடிவு செய்து வகுப்பு முழுவதற்கும் ஒன்றையே வைத்துவிடும். வாத்தியார் யார் இருக்கிறாரோ, அவருக்கு எது வருமோ, அதுதான் எலெக்டிவ். மாணவர் நிஜமாகத் தேர்வு செய்ய எதுவும் இல்லாததால் ஆலோசகரின் தேவையும் கண்ணுக்குத் தெரியவில்லை. நிஜத் தேர்வுகளெல்லாம் பாடத்திட்டத்துக்கு வெளியே, மேலே சொன்ன இடங்களில் நடந்துகொண்டிருக்கின்றன.

ஆள் பற்றாக்குறை என்று ஒரு பதில் வரும். பாதி உண்மை. அமெரிக்காவில் கல்வி ஆலோசகர்களின் சங்கம் 2011-ல் எடுத்த கணக்கில் ஒரு முழுநேர ஆலோசகருக்கு ஏறத்தாழ 300 மாணவர்கள். நம் டியூட்டருக்கு அறுபது, எழுபது பேர். எண்ணிக்கையில் நாம்தான் மேல். மற்ற பாதி வேறு. அரசுக் கல்லூரிகளில் பெரும்பகுதிப் பாடத்தை நடத்துகிறவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். மாதம் 25,000 ரூபாய், அதுவும் வருஷத்தில் 11 மாதம். தன் வேலை அடுத்த ஜூனில் இருக்குமா என்று தெரியாதவரிடம், அறுபது பேரின் அடுத்த ஏழு வருஷத்தைத் திட்டமிட்டுக் கொடுங்கள் என்று கேட்கிறோம். இருந்தும் பலர் தங்கள் சொந்த செல்போன் எண்ணைக் கொடுத்து, வாட்ஸ்அப்பில் அறிவிப்புகளை அனுப்பி, இந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிறார்கள். அமைப்பு செய்யாததை அவர்கள் ஈடுகட்டுகிறார்கள்.

அரசு சும்மா இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. 2022 மார்ச்சில் ‘நான் முதல்வன்’, அதே ஜூனில் பிளஸ் டூ மாணவர்களுக்கு ‘கல்லூரிக் கனவு’, செப்டம்பரில் ‘புதுமைப் பெண்’, 2024 ஆகஸ்டில் ‘தமிழ்ப் புதல்வன்’. அரசுப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளையின் கையில் மாதம் ஆயிரம் ரூபாய் விழுவது எத்தனை படிப்புகளைக் காப்பாற்றியிருக்கிறது என்பதைக் கிராமத்தில் கேட்டால் சொல்வார்கள். ஆனால் கவனியுங்கள்: வழிகாட்டல் அத்தனையும் மே, ஜூனில் கொட்டுகிறது. எந்தக் கல்லூரி, எந்தக் கோர்ஸ், எந்த ஸ்காலர்ஷிப். கல்லூரியில் முதல் வாரம் வரவேற்பு நிகழ்ச்சிகள், ராகிங் தடுப்பு, போதைப்பொருள் விழிப்புணர்வு. அதற்குப் பிறகு மூன்று வருஷம் அமைதி. ஜாம் தேர்வுக்கு விண்ணப்பம் மூன்றாம் ஆண்டு தொடங்கிய சில மாதங்களில், செப்டம்பரிலேயே திறந்துவிடும். மத்தியப் பல்கலைக்கழகங்களின் முதுநிலை நுழைவுத் தேர்வு மார்ச்சில் நடக்கிறது. எம்.சி.ஏ., எம்.பி.ஏ.வுக்கான டான்செட்டும் ஏறத்தாழ அதே சமயம். நம் பிள்ளைகள் பி.ஜி.யைப் பற்றிப் பேசத் தொடங்குவது மே மாதம், கடைசித் தேர்வு எழுதிய கையோடு. அப்போது திறந்திருப்பது பக்கத்துக் கல்லூரி மட்டும்.

எனக்குத் தோன்றுவது பெரிய திட்டம் எதுவும் இல்லை. முதல் செமஸ்டரின் முதல் மாதத்தில் ஒவ்வொரு பிள்ளையோடும் கால் மணி நேரம். ஒரே ஒரு தாள். மேலே அவள் ஆக நினைப்பது. அதன் கீழே வரிசையாக, அந்த வேலைக்குக் கேட்கும் பட்டம், அந்தப் பட்டத்துக்குக் கேட்கும் மார்க், மீடியம், அலைடு, விண்ணப்ப மாதம். அறுபது பேர் என்றால் பதினைந்து மணி நேரம். தாளை நிரப்பத் தெரிந்தவர்கள் வெளியிலும் இருக்கிறார்கள். அதே டிபார்ட்மென்டில் படித்துவிட்டு இப்போது வி.ஏ.ஓ.வாகவோ டீச்சராகவோ பாங்க்கிலோ இருக்கும் பழைய மாணவர்களை ஒரு சனிக்கிழமை கூப்பிட்டால் வரமாட்டார்களா? ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு, தன் ஊரிலிருந்தே ஒருவர் இதைத் தாண்டிப் போயிருக்கிறார் என்று நேரில் பார்ப்பது எந்தக் கையேட்டிலும் கிடைக்காது. பிள்ளை நினைத்ததை இரண்டு வருஷத்தில் மாற்றிக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளட்டும். தாளைத் திருத்தி எழுதலாம்.

அந்தத் தாள் ஜூலைக்குள் தயாராக வேண்டும் என்பதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. அரசுக் கல்லூரியில் துறை மாற, சேர்க்கை முடிவதற்குள் முதல்வருக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். கேட்கும் துறையில் காலியிடமும் இருக்க வேண்டும். தனியார் கல்லூரியில் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டு விலகுகிறவருக்கு 2018-ல் யு.ஜி.சி. விதி வகுத்தது. சேர்க்கையின் கடைசித் தேதி என்று கல்லூரி அறிவித்த நாளுக்கு 15 நாள் முன்னால் சொன்னால் கட்டியது ஏறத்தாழ முழுதும், அதற்குப் பிறகு கடைசித் தேதிக்குள் 90 விழுக்காடு, கடைசித் தேதி தாண்டி 15 நாளுக்குள் 80, அடுத்த 15 நாளுக்குள் 50. 30 நாள் தாண்டினால் ஒன்றும் கிடையாது. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது என்று அதே விதி சொல்கிறது. கவுன்டரில் இதை எடுத்துக் காட்டிக் கேட்கலாம்.

மேலே சொன்ன பி.காம். மாணவி ஜூலை முதல் வாரத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டால் அவளுக்கு இரண்டு வழி இருக்கிறது. வரலாற்றுத் துறையில் காலியிடம் இருந்தால் விண்ணப்பம் எழுதலாம். காமர்ஸே பிடித்திருக்கிறது, மேல்நிலைப் பள்ளியில் அக்கவுன்டன்சி நடத்தும் டீச்சர் ஆகிறேன் என்றால் பி.காம்.மிலேயே இருக்கலாம். அப்படியானால் தாளில் ஏழு வருஷம் என்று எழுதி, அப்பா அம்மாவிடம் காட்டி, இன்றைக்கே அந்தச் சித்தப்பாவிடமும் சொல்லிவிட வேண்டும். எம்.காம். எந்தக் கல்லூரியில், எந்த ஷிஃப்டில், எத்தனை இடம், போன வருஷம் எந்த மார்க்கில் நின்றது என்ற விவரத்துக்கு ஆபீஸில் கேட்கலாம். பிரவுசிங் சென்டர்காரருக்கும் அது தெரிந்திருக்கும்.